சுவிஸ் பள்ளிகளில் பிரெஞ்சுச் சண்டையும் நம் பிள்ளைகளின் தமிழும்

2025 செப்டெம்பர் முதலாம் திகதி சூரிச் மாநில நாடாளுமன்றம் ஒரு முடிவெடுத்தது. ஆரம்பப் பள்ளியில் பிரெஞ்சு வேண்டாம், மேல்வகுப்புகளில் தொடங்கினால் போதும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் அப்பென்சல் அவுசர்ரோடன் என்ற சிறிய மாநிலமும் இதே வழியில் போயிருந்தது. ஆனால் சூரிச் பெரிய மாநிலம் அல்லவா, நாடே அதிர்ந்தது. பிரெஞ்சு பேசும் ஜெனீவா, லொசான் பக்கம் பத்திரிகைகள் கொதித்தன. செப்டெம்பர் முடிவதற்குள் மத்திய அரசே தலையிட்டு, தேசிய மொழிகளைப் பள்ளிகளில் காப்பாற்றச் சட்டத்தைத் திருத்துவது பற்றி யோசிப்பதாகச் சொல்லிவிட்டது.

எங்கள் தமிழ்ப் பெற்றோரின் வட்சப் குழுக்களிலும் அன்று முதல் இதே கதைதான். "நல்லதாப் போச்சு, பிள்ளையளுக்குச் சுமை குறையும்" என்பவர்கள் ஒரு பக்கம். "பிரெஞ்சு இல்லாட்டி நாளைக்கு மத்திய அரசில வேலை எடுக்கேலாது" என்பவர்கள் மறுபக்கம். நடுவில் ஓர் அப்பா எனக்குத் தனியாக அழைப்பெடுத்தார். "ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. பிள்ளைக்கு டொச், பிரெஞ்சு, இங்கிலீஷ் எண்டு ஏற்கெனவே மூண்டு. அரசாங்கமே ஒண்டைக் குறைக்கலாம் எண்டு யோசிக்குது. நாங்களும் தமிழைக் குறைச்சா என்ன?" என்றார்.

நான் பேர்ண் மாநிலத்தில் புதன்கிழமைப் பின்னேரங்களில் தமிழ் படிப்பிக்கிறேன். அவருடைய கேள்விக்குத் தொலைபேசியில் சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. அவருக்கும், அவரைப் போல் யோசிக்கும் மற்றப் பெற்றோருக்கும், சுவிஸ் பள்ளிக்கூடங்கள் எப்படி இயங்குகின்றன என்று அறிய விரும்பும் தமிழ்நாட்டு, இலங்கை வாசகர்களுக்கும் சேர்த்து விரிவாக எழுதுகிறேன். ஜெர்மன் மொழியை இங்கே நாங்கள் டொச் என்றுதான் சொல்வோம். இந்தப் பதிவிலும் அப்படியே.

நாலு மொழி நாட்டின் கணக்கு

சுவிஸில் நாலு தேசிய மொழிகள். மக்களில் ஏறக்குறைய 62 சதவீதம் பேர் டொச், 23 சதவீதம் பிரெஞ்சு, 8 சதவீதம் இத்தாலியன். நாலாவதான ரொமான்ஷ் மொழியைப் பேசுவோர் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் 1938இல் நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்தி அதையும் தேசிய மொழியாக ஏற்றுக்கொண்டார்கள். அண்டை நாடுகளில் இனவெறி தலைவிரித்தாடிய காலம் அது. அப்போது மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் ஒரு சிறு கூட்டத்தின் மொழிக்குப் பெரும்பான்மை கை உயர்த்தியது என்பதை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்வதுண்டு.

கல்வி இங்கே மாநிலங்களின் கையில். 26 மாநிலங்களும் 26 விதமாகப் போய்விடக் கூடாது என்று மாநிலக் கல்வி அமைச்சர்களின் மன்றம் 2004இல் ஒரு மொழித்திட்டம் வகுத்தது. 3ஆம் வகுப்பில் ஒரு வேற்றுமொழி, 5ஆம் வகுப்பில் இன்னொன்று. இரண்டில் ஒன்று தேசிய மொழியாக இருக்க வேண்டும், மற்றது ஆங்கிலம். எது முதலில் என்பதை மாநிலம் தீர்மானிக்கலாம். பிரெஞ்சு மொழி எல்லையை ஒட்டிய பேர்ண், பாசல், சொலத்தூர்ன் போன்ற மாநிலங்கள் பிரெஞ்சை முன்னால் வைத்தன. சூரிச்சும் கிழக்கு மாநிலங்களும் ஆங்கிலத்தை முன்னால் வைத்தன. பிரெஞ்சு பேசும் மாநிலங்களில் பிள்ளைகள் முதலில் டொச் படிக்கிறார்கள். இத்தாலியன் பேசும் திச்சினோவில் பிரெஞ்சு, டொச், ஆங்கிலம் மூன்றையும் படிக்கிறார்கள். அங்கிருந்து பெரிய முறைப்பாடு எதுவும் என் காதுக்கு எட்டியதில்லை.

சூரிச்சில் இந்தச் சண்டை புதிதில்லை. "ஆரம்பப் பள்ளியில் ஒரு வேற்றுமொழி போதும்" என்ற கோரிக்கை 2006இலும் 2017இலும் அங்கே மக்கள் வாக்கெடுப்புக்குப் போனது. இரண்டு தடவையும் மக்கள் நிராகரித்தார்கள். லுத்செர்ன், கிரௌபுண்டன் மாநிலங்களிலும் அதே முடிவு. இப்போது நாடாளுமன்றம் எடுத்திருக்கும் முடிவும் சட்டமாக மாறி நடைமுறைக்கு வர நாள் எடுக்கும். மறுபடியும் மக்களிடமே வந்து நிற்கவும் கூடும்.

சீக்கிரம் தொடங்கினால் மட்டும் போதுமா

பிரெஞ்சை எதிர்ப்பவர்களை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அவர்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை.

சூரிச் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய மொழியியலாளர் சிமோன் பெனிங்கர், எட்டு வயதில் ஆங்கிலம் தொடங்கிய சுவிஸ் பிள்ளைகளையும் பதின்மூன்று வயதில் தொடங்கியவர்களையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தவர். பிந்தித் தொடங்கியவர்கள் விரைவிலேயே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்பது அவர் கண்டது. கிழமைக்கு இரண்டு மூன்று பாடவேளை மட்டும் கிடைக்கும்போது, சின்ன வயதில் தொடங்குவது பெரிய முன்னிலை தராது. சின்ன வயது மூளை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும் என்ற பேச்சு, நாள் முழுக்க அந்த மொழிக்குள் வாழும் பிள்ளைக்குப் பொருந்தும். வாரத்தில் இரண்டு மணித்தியாலம் கேட்கும் பிள்ளைக்குப் பொருந்தாது.

இந்த ஆய்வின் இன்னொரு பாதியை விவாதத்தில் யாரும் எடுப்பதில்லை. சொந்த மொழியில் வாசிப்பும் எழுத்தும் பலமாக உள்ள பிள்ளை வேற்றுமொழியிலும் முன்னேறுகிறது என்பதும் அவர் கண்டவற்றில் ஒன்று. கனடாவின் ஜிம் கமின்ஸ் 1979இலேயே இதை ஒரு கோட்பாடாக முன்வைத்திருந்தார். ஒரு மொழியில் பெற்ற ஆழமான திறன் இன்னொரு மொழிக்குள் போகும், இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒன்றுதான் என்றார்.

அந்த அப்பாவுக்கு நான் முதலில் சொன்ன பதில் இதுதான். தமிழைக் குறைத்தால் பிரெஞ்சுக்கு இடம் கிடைக்கும் என்று நினைப்பது, பிள்ளையின் தலையை ஒரு பயணப்பெட்டியாக எண்ணுவது. ஒரு பந்தியை வாசித்து அதன் கருத்தைப் பிடிப்பது, தெரியாத சொல்லைச் சுற்றியுள்ள சொற்களிலிருந்து ஊகிப்பது, சொன்னதை வேறு விதமாகத் திருப்பிச் சொல்வது ஆகிய எல்லாவற்றையும் பிள்ளை தமிழில் பழகினால், பிரெஞ்சுப் பாடத்திலும் அதே பழக்கம் துணைக்கு வரும்.

ஆகவே எந்த வயதில் தொடங்குவது என்பது இரண்டாம்பட்சக் கேள்வி. அந்த மொழியோடு பிள்ளைக்கு எவ்வளவு உயிருள்ள தொடர்பு இருக்கிறது, பிள்ளையிடம் ஏற்கெனவே உள்ள மொழிகளைப் பள்ளி எப்படி நடத்துகிறது என்ற இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும்.

பீல் நகரத்துப் பிள்ளைகள்

உயிருள்ள தொடர்பு என்றால் என்ன என்று பார்க்க எங்கள் மாநிலத்துக்குள்ளேயே ஓர் ஊர் இருக்கிறது. பேர்ணிலிருந்து ரெயினில் அரை மணித்தியாலத்துக்குள் பீல். பிரெஞ்சில் அதற்குப் பியென் என்று பெயர். தெருப் பெயர்ப் பலகை முதல் நகரசபைக் கடிதம் வரை எல்லாம் இரண்டு மொழியில். கடையிலோ பஸ்ஸிலோ யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவருடைய மொழியில்தான் உரையாடல் தொடரும் என்பது அந்த ஊர் வழக்கம். சட்டம் போட்டு வந்ததில்லை, மக்களே பழகிக்கொண்டது.

அங்கே 2010 முதல் 'ஃபிபி' என்ற இருமொழி வகுப்புகள் நடக்கின்றன. வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு பிரெஞ்சுப் பிள்ளைகள், மூன்றில் ஒரு பங்கு டொச் பிள்ளைகள், மீதி ஒரு பங்கு வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள். பாடவேளைகளில் ஏறக்குறைய பாதி ஒரு மொழியில், பாதி மற்ற மொழியில். பிரெஞ்சு என்று ஒரு பாடம் தனியாக வைத்துச் சொற்பட்டியல் மனப்பாடம் செய்வதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் கூட்டாளியிடம் அழிறப்பர் கேட்கவே அந்த மொழி தேவைப்படுகிறது.

அந்த மூன்றாவது பங்கு எனக்கு மிகவும் பிடித்தது. அல்பானிய, தமிழ், போர்த்துக்கீச, அரபு வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளைச் சேர்த்தால் தரம் குறையும் என்று பயந்து ஒதுக்கவில்லை. வகுப்பின் கட்டமைப்பிலேயே அவர்களுக்கென்று இடம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எல்லா ஊரும் பீல் ஆக முடியாது, எனக்கும் தெரியும். கிழக்கே இருக்கும் ஒரு கிராமத்தில் பிரெஞ்சு பேசும் பிள்ளைக்கு எங்கே போவது? அதற்குத்தான் மாணவர் பரிமாற்றம். மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் மொவேத்தியா என்ற நிறுவனம் இதற்கு நிதி கொடுக்கிறது. டொச் பக்கத்து வகுப்பு ஒன்று பிரெஞ்சுப் பக்கத்து வகுப்பு ஒன்றோடு சேர்ந்துகொள்கிறது. கடிதமும் காணொளியுமாகத் தொடங்கி, ஒருவர் ஊருக்கு மற்றவர் போய்த் தங்குவது வரை போகும். முந்தைய தலைமுறையில் டொச் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் ஒரு வருடம் பிரெஞ்சுப் பக்கத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கி, வீட்டுவேலை செய்து மொழி பழகும் வழக்கம் பரவலாக இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த அனுபவத்தைப் பள்ளியே தர வேண்டும். இரண்டு மணி நேர ரெயின் தூரத்தில் மொழி இருக்கும்போது, அதை வெறும் புத்தகத்திலிருந்து படிப்பிப்பது வீண்.

பிரெஞ்சுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு மனக்குறை உண்டு. அவர்கள் பள்ளியில் படிப்பது எழுத்து டொச். பேர்ணுக்கோ சூரிச்சுக்கோ வந்தால் காதில் விழுவது சுவிஸ் டொச். இத்தனை வருடம் படித்தும் ஒன்றும் விளங்கவில்லையே என்று சோர்ந்துவிடுகிறார்கள். எழுத்துக்கு ஒரு வடிவம், பேச்சுக்கு ஒரு வடிவம் என்ற இந்த நிலைமையைச் சார்ல்ஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1959இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட நாலு எடுத்துக்காட்டுகளில் சுவிஸ் டொச்சும் ஒன்று.

தமிழ்ப் பிள்ளைக்கு இது புதினமா? "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று எழுதிவிட்டு "வந்துகொண்டிருக்கினம்" என்று பேசும் வீட்டில் வளர்கிற பிள்ளை அது. என் வகுப்பில் இரண்டையும் பலகையில் அடுத்தடுத்து எழுதி, சுவிஸ் டொச்சையும் எழுத்து டொச்சையும் பக்கத்தில் எழுதச் சொல்வேன். பிள்ளைகளின் முகம் மலரும். வீட்டுத் தமிழ் 'பிழையான தமிழ்' என்று எங்கேயோ கேட்டு வெட்கப்பட்ட பிள்ளைகூட, பேச்சுமொழிக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று கண்டுகொள்ளும். தன் சுவிஸ் டொச்சைப் பெருமையாகப் பேசும் வகுப்புத் தோழனிடமிருந்தே தன் யாழ்ப்பாணத் தமிழுக்கும் பெருமை எடுத்துக்கொள்ளும். ஒரு பண்பாட்டை இன்னொன்று புரிந்துகொள்வது என்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் வகுப்பறையில் இப்படித்தான் நடக்கிறது.

பதினாறாம் பிரிவு

சுவிஸ் நாட்டு மொழிச் சட்டம் 2007இல் நிறைவேறி 2010 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சு பற்றிய விவாதத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது அதன் 15ஆம் பிரிவை. கட்டாயக் கல்வி முடியும்போது ஒவ்வொரு மாணவரும் குறைந்தது ஓர் இரண்டாம் தேசிய மொழியிலும் இன்னொரு வேற்றுமொழியிலும் திறன் பெற்றிருக்க வேண்டும் என்பதற்காக மத்திய அரசும் மாநிலங்களும் பாடுபடும் என்கிறது அது.

அடுத்த பிரிவையும் வாசியுங்கள். 16ஆம் பிரிவின்படி, வேற்றுமொழி பேசும் பிள்ளைகள் தங்கள் முதல் மொழியில் அறிவை வளர்ப்பதற்கு மத்திய அரசு மாநிலங்களுக்கு நிதியுதவி வழங்கலாம். தேசிய மொழிகளைப் படிப்பிப்பதும் பிள்ளையின் வீட்டுமொழியை வளர்ப்பதும் ஒரே சட்டத்தில், அடுத்தடுத்த பிரிவுகளில் இருக்கின்றன. சட்டம் எழுதியவர்கள் இரண்டையும் ஒரே வேலையாகப் பார்த்தார்கள் என்று நான் நம்புகிறேன். தொலைக்காட்சி விவாதங்களில் 15ஆம் பிரிவுக்காகத் தொண்டை வறளக் கத்துகிறார்கள். 16ஆம் பிரிவைப் பற்றி ஒரு சொல் கேட்பதே அரிது.

எங்கள் தமிழ் வகுப்புகள் எப்படி நடக்கின்றன என்று வெளியே பலருக்குத் தெரியாது. 'தாய்நாட்டு மொழியும் பண்பாடும்' என்ற பெயரில் பள்ளிப் பாடத்துக்கு மேலதிகமாக நடக்கும் வகுப்புகள் இவை. அந்தக் காலத்தில் இங்கே வந்த இத்தாலியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, இன்று பல பத்து மொழிகளில் நடக்கிறது. தமிழுக்குத் தொண்ணூறுகளிலிருந்து தமிழ்க் கல்விச் சேவை நாடு முழுக்கப் பாடசாலைகள் நடத்தி வருகிறது. சுவிஸில் தமிழர் தொகை 50,000 அளவில் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தச் சமூகம் தன் கைக்காசில் கட்டி எழுப்பியது இது. பள்ளி பெரும்பாலும் வகுப்பறையைத் தரும். பல இடங்களில் பிள்ளையின் தமிழ்ப் புள்ளியைப் பள்ளி அறிக்கையிலும் சேர்த்துக்கொள்ளலாம். சம்பளம், புத்தகம், விழா எல்லாம் பெற்றோர் கட்டும் பணம்.

வகுப்பு நடக்கும் நேரம் புதன் பின்னேரமோ சனிக்கிழமையோ. மற்றப் பிள்ளைகள் உதைபந்தாட்டத்துக்குப் போகும் நேரம். வகுப்பாசிரியருக்கும் எங்களுக்கும் இடையில் பெரும்பாலும் ஒரு தொடர்பும் இருக்காது. ஒரே பிள்ளையை, ஒரே கட்டடத்தில், ஒரே கரும்பலகையில் படிப்பிக்கிற இரண்டு ஆசிரியர்கள் வருடக்கணக்கில் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கிறோம். காலையில் அந்தப் பலகையில் டொச் இலக்கணம் எழுதியவர், பின்னேரம் நான் எழுதும் தமிழை ஒருநாள் வந்து பார்த்தால் அவருக்கு எவ்வளவு உதவும்!

வினைச்சொல் எங்கே வருகிறது என்ற ஒரு விஷயத்தை எடுங்கள். டொச்சில் 'ஏனென்றால்' என்று தொடங்கும் துணைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும். பிரெஞ்சு, இத்தாலியன், அல்பானிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தடுமாற்றம். தமிழில் வினை வழக்கமாகக் கடைசியில்தான் உட்காரும். தமிழ்ப் பிள்ளைக்கு அந்த அமைப்பு வீட்டிலேயே பழக்கமானது, ஆனால் அதை யாரும் அதற்குச் சுட்டிக்காட்டாததால் தன்னிடம் அந்தப் பலம் இருப்பது தெரியாது. வகுப்பாசிரியர் "உங்கள் மொழியில் வினை எங்கே வரும்?" என்று எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரு தடவை கேட்டால், இலக்கணப் பாடம் சுவாரசியமாகும். பின்வரிசையில் பேசாமல் இருக்கும் பிள்ளை அன்று முன்னால் வந்து பலகையில் எழுதும்.

இது என் கற்பனைத் திட்டமில்லை. இங்கிலாந்தின் எரிக் ஹோக்கின்ஸ் எண்பதுகளில் இதைப் பற்றி எழுதினார். வேற்றுமொழி படிக்கும் முன்னர் மொழிகளைப் பற்றிய ஆர்வத்தைப் பிள்ளையிடம் உண்டாக்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்த வழியில் சுவிஸின் பிரெஞ்சுப் பக்கத்தில் ஜெனீவாவின் கிறிஸ்தியான் பெர்கோவும் கூட்டாளிகளும் 2003இல் 'எயோல்' என்ற பாடத்தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் பிள்ளைகள் பல மொழிகளைக் கேட்டு, எழுத்துகளைப் பார்த்து, ஒற்றுமை வேற்றுமை கண்டுபிடிக்கிறார்கள். அந்த மொழிகளையெல்லாம் பேசப் பழகுவது நோக்கமில்லை. மொழி எப்படி வேலை செய்கிறது என்று கண்டுகொள்வதுதான். ஜெனீவாவில் 'கதைப்பை' என்றும் ஒன்று இருக்கிறது. இருமொழிக் கதைப்புத்தகம், பல மொழிகளில் அதே கதையின் ஒலிப்பதிவு, ஒரு விளையாட்டு எல்லாம் போட்ட ஒரு பை வாரம் ஒரு வீட்டுக்குப் போகும். பெற்றோர் தங்கள் மொழியில் கதை சொல்ல, அடுத்த நாள் பிள்ளை அதே கதையோடு வகுப்புக்கு வரும்.

என் வகுப்பில் நான் செய்வது, வியன்னாவில் ஹான்ஸ்-யுர்கன் க்ரும் பரப்பிய மொழி ஓவியம். ஒரு மனித உருவத்தைக் கோடாக வரைந்து கொடுத்து, உனக்குத் தெரிந்த மொழிகளுக்கெல்லாம் நிறம் தேர்ந்து உடம்பில் எங்கே இருக்கிறதோ அங்கே பூசு என்பேன். ஒரு பையன் கால் இரண்டுக்கும் சுவிஸ் டொச் நிறம் பூசினான். ஏன் என்றால், "பந்தடிக்கேக்க அதிலதானே கத்துறது" என்றான். ஒரு பிள்ளை காதில் மட்டும் சிங்களம் வைத்திருந்தாள். அம்மம்மா கொழும்பில் இருப்பதால் விடுமுறையில் கேட்பாளாம், பேச வராதாம். வகுப்பாசிரியர் யாராவது இந்த ஓவியங்களைப் பார்த்தால், 'டொச் போதாத பிள்ளை' என்று பட்டியலில் போட்ட அதே பிள்ளையை வேறு கண்ணால் பார்ப்பார்.

வடையும் ரோல்ஸும் கொண்டுவாருங்கள் என்று கேட்கும் விழா

பள்ளிகளில் பண்பாட்டு விழா நடக்கும்போது தமிழ் அம்மாக்களிடம் கேட்பது வடை, ரோல்ஸ். பிள்ளைகளிடம் கேட்பது சேலை, வேட்டி, ஒரு நடனம். எல்லோரும் சாப்பிட்டு, படம் எடுத்து, கைதட்டி அனுப்புவார்கள். நல்ல மனதோடு செய்வது, நானும் சந்தோசமாகவே சமைத்துக்கொண்டு போகிறேன். ஆனால் ஆண்டில் ஒரு நாள் வடை தின்பதை அந்தப் பிள்ளையின் உலகத்தைத் தெரிந்துகொண்டதாக எண்ணிவிட முடியாது.

வேறு விதமாகச் செய்யும் இடமும் இருக்கிறது. பேர்ணில் 2014 டிசம்பரில் திறந்த மதங்களின் இல்லத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரே கட்டடத்துக்குள் பள்ளிவாசல், பௌத்த மையம், அலெவி மக்களின் வழிபாட்டிடம், தேவாலயம், அவற்றோடு எங்கள் சைவநெறிக்கூடத்தின் கோயில். அங்கே பூசை தமிழில் நடக்கிறது, பெண்களும் அர்ச்சகர்களாக இருக்கிறார்கள். பள்ளிக்கூட வகுப்புகள் ஆசிரியரோடு வந்து சுற்றிப் பார்க்கின்றன. அப்படி வரும் வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தால் அன்று அதுதான் வழிகாட்டி. கேள்வி கேட்பார்கள். சில கேள்விகளுக்குப் பிள்ளைக்குப் பதில் தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்கும். அம்மாவுக்கும் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுவார்கள். வந்த பிள்ளைகளும் கற்கிறார்கள், கூட்டிப்போன பிள்ளையும் கற்கிறது.

பெற்றோர் சந்திப்பையும் சொல்ல வேண்டும். டொச் சரளமாக வராத அம்மாவுக்கும் ஆசிரியருக்கும் நடுவில் பத்து வயதுப் பிள்ளையை உட்காரவைத்து, அதன் குறைகளை அதன் வாயாலேயே மொழிபெயர்க்கச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கும் அது பாரம், அம்மாவுக்கும் அது தலைக்குனிவு. சுவிஸில் பயிற்சி பெற்ற பண்பாட்டிடை மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், இன்டர்பிரெட் என்ற அமைப்பு அவர்களுக்குத் தகுதிச் சான்று கொடுக்கிறது. பள்ளி கேட்டால் வருவார்கள். பல பெற்றோருக்கு இப்படி ஒரு வசதி கேட்கலாம் என்பதே தெரியாது. கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏன் பிரெஞ்சையும் விடக் கூடாது

இவ்வளவும் சொன்ன பிறகு, சூரிச் முடிவு பற்றி என் நிலைப்பாடு என்ன? ஆரம்பப் பள்ளியில் பிரெஞ்சு இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் இப்போது இருக்கும் விதத்தில் இல்லை.

பாசல், பேர்ண் முதலிய ஆறு மாநிலங்கள் 2011 முதல் சேர்ந்து கொண்டுவந்த புதிய பிரெஞ்சுப் பாடநூல் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பெற்றோரும் ஆசிரியர்களும் அதிருப்தி அடைந்து, பாசல் கிராமப்புற மாநிலத்தில் 2019இல் வாக்கெடுப்பே நடந்து, ஆசிரியர்கள் நூலைத் தெரிவுசெய்யும் சுதந்திரம் வந்தது. படிப்பிக்கும் முறையில் பழுது இருந்தால் முறையைத் திருத்த வேண்டும். மொழியை வெளியே அனுப்பினால் பழுது அப்படியே உள்ளே இருக்கும்.

பயன் என்று பார்த்தால் ஆங்கிலமே போதும் என்பார்கள். ஜெனீவாப் பிள்ளையும் சூரிச் பிள்ளையும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளலாம்தான். ஆனால் ஒரு நாட்டின் இரண்டு பகுதி மக்கள் ஒருவர் மொழியை ஒருவர் தெரியாமல் வளர்ந்தால் என்ன நடக்கும் என்று எங்களை விட அனுபவப்பட்டவர்கள் யார்?

இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் என்னென்ன நடந்தன என்று இங்கே எழுதத் தேவையில்லை. சிங்களப் பிள்ளை சிங்களத்தில், தமிழ்ப் பிள்ளை தமிழில், வேறு வேறு பள்ளிகளில் படித்தது. தாய்மொழியில் படித்தது நல்லதே, அதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். அதோடு சேர்த்து அயலாரின் மொழியையும் இரு பக்கமும் உண்மையான அக்கறையோடு படிப்பித்திருக்க வேண்டும். பல தலைமுறைகளுக்கு அது நடக்கவில்லை. ஒருவர் வேதனையை மற்றவர் அவருடைய சொற்களிலேயே கேட்கும் வாய்ப்பு போய்விட்டது. மொழி தெரிந்திருந்தால் போர் வந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. ஆனால் மொழி தெரியாத இடத்தை வதந்தியும் பயமும் எவ்வளவு சுலபமாக நிரப்பின என்று எங்கள் தலைமுறை கண்டது.

அதனால்தான் சுவிஸ்காரர் ஒருவர் "பிரெஞ்சுக்கு என்ன அவசரம்" என்று சொல்லும்போது எனக்கு மனம் பதறுகிறது. ரொமான்ஷ் மொழிக்கு 1938இல் கை உயர்த்திய நாடு இது. பெரும்பான்மை தன் வசதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சிறுபான்மையின் மொழியைப் படிப்பது இந்த நாட்டை ஒட்டவைத்திருக்கும் பசைகளில் ஒன்று. வந்து குடியேறிய நாங்களும் அந்தப் பசையால் பயன்பெறுகிறோம். பிரெஞ்சுக்கே பெரும்பான்மையிடம் பொறுமை இல்லை என்றால் தமிழுக்கும் அல்பானிய மொழிக்கும் எங்கிருந்து வரும்?

இனி என்ன செய்யலாம்

இந்த நாட்டில் மொழிக் கல்வி எட்டாத உயரத்தில் நடப்பதில்லை. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் ஏ1 முதல் சி2 வரையான மொழிப் படிநிலைகளின் கதையே சூரிச் ஏரிக்கரையில் உள்ள ரூஷ்லிக்கோனில் 1991இல் நடந்த ஒரு கருத்தரங்கில்தான் தொடங்கியது. குடியுரிமைக்குப் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 வேண்டும் என்று 2018 முதல் இருக்கும் விதி எங்களில் பலருக்கு மனப்பாடம். வேலை முடிந்து களைத்து வந்து, இரவு வகுப்பில் டொச் படித்து அந்தப் பரீட்சையை எழுதிய அம்மாக்களும் அப்பாக்களும் எங்களிடம் ஏராளம். வேற்றுமொழி கற்பது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அனுபவத்தோடு பள்ளிக்குப் போய்க் கேட்க எங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள். வகுப்பில் எத்தனை மொழிகள் இருக்கின்றன என்று ஆசிரியருக்குத் தெரியுமா? அவை எந்தப் பாடத்திலாவது பயன்படுகின்றனவா? பிரெஞ்சுப் பக்கத்து வகுப்பு ஒன்றோடு பரிமாற்றம் இருக்கிறதா, இல்லையென்றால் மொவேத்தியாவுக்கு விண்ணப்பிக்கப் பள்ளி தயாரா? தமிழ் ஆசிரியரோடு ஒரு தடவையாவது சேர்ந்து ஒரு பாடம் நடத்த வகுப்பாசிரியர் விரும்புவாரா? நான் விரும்புகிறேன். அழைத்தால் எந்த ஊருக்கும் வருவேன்.

வீட்டில் செய்ய வேண்டியது சின்னது. பிள்ளையோடு தமிழில் கதையுங்கள், தமிழில் வாசியுங்கள். பிரெஞ்சுப் பாடத்தில் என்ன படித்தாய் என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை விளக்கட்டும்; விளக்கும்போது இரண்டு மொழியும் வளரும்.

சுவிஸ் குடியுரிமை பெற்றவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. இந்த விஷயம் உங்கள் மாநிலத்தில் வாக்கெடுப்புக்கு வந்தால், வாக்குச்சீட்டோடு வரும் கடித உறை மேசையில் கிடந்து பழசாகும்படி விடாதீர்கள். என்ன முடிவு எடுத்தாலும் யோசித்து எடுத்து, வாக்கைப் போடுங்கள். தொலைபேசியில் அழைத்த அந்த அப்பாவிடமும் இதையே சொன்னேன். அவர் சூரிச் மாநிலத்தில் வாக்குரிமை உள்ளவர். பிள்ளையைத் தமிழ் வகுப்பில் தொடர்ந்து விடுகிறேன், வாக்கைப் பற்றி யோசிக்கிறேன் என்றார். யோசிக்கட்டும். அவர் எந்தப் பக்கம் போட்டாலும், பிள்ளையின் மொழி எதையும் சுமை என்று எண்ணாமல் போட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.